பிரிட்ஜுக்குள் ஒரு கரித்தட்டு

"பிரிட்ஜ் மணக்குது, வந்து பாருங்கோ" என்று ஓர் அழைப்பு வந்தால் பட்டறையில் எல்லாருக்கும் திடீரென்று வேறு வேலை வந்துவிடும். எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் இருந்தேன். கொம்பிரசர் போய்விட்டது, காஸ் இறங்கிவிட்டது என்றால் அதில் ஒரு கௌரவம் இருக்கிறது. பெட்டியைத் திறந்து, கருவிகளைப் பரப்பி, நாலு பேர் பார்க்க வேலை செய்யலாம். மணம் என்றால் மீன் செதிலும், சிந்திய பாலும், போனவாரத்துச் சாம்பாரும்தான். அதற்கெல்லாம் மெக்கானிக்கா என்று நினைப்போம். முப்பத்தைந்து வருடம் கொழும்பு வீடுகளின் சமையலறைகளில் மண்டியிட்டவன் சொல்கிறேன்: என் தொழிலில் நான் செய்த மிகப் பெரிய பிழை ஒரு மணத்தில்தான் நடந்தது.

முதலில் கைமருந்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் உங்களிடம் வாடிக்கையாளர்கள் கேட்கப்போவது அதைத்தான். பெட்டியை நிறுத்தி, தட்டுகளைக் கழற்றி, இளஞ்சூட்டு நீரில் அப்பச்சோடா கரைத்துத் துடைக்கச் சொல்லுங்கள். வாசனைச் சோப்பு வேண்டாம். அந்த வாசம் பிறகு பட்டருக்குள் ஏறும். கதவு ரப்பரின் மடிப்புகளுக்குள் வினாகிரி தொட்ட துணி. நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு கிண்ணத்தில் அப்பச்சோடாவை மூடாமல் உள்ளே வைத்தால் போதும். மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அப்பச்சோடா இல்லாத வீட்டில் சிரட்டைக்கரியை உடைத்து ஒரு தட்டில் வைக்கலாம். கரியும் சோடாவும் மணத்தை உறிஞ்சும். பாதியாக வெட்டிய தேசிக்காய், அதாவது எலுமிச்சை, கறுவாப்பட்டை, கராம்பு எல்லாம் தங்கள் வாசத்தை மேலே போர்த்தும். கோப்பித்தூள் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யும்.

இவ்வளவும் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்திருந்தும் ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்தேன்.

எழுபதுகளின் கடைசி. வெளிநாட்டுச் சாமான்களுக்குக் கதவு திறந்துவிடப்பட்ட புதிது. கொள்ளுப்பிட்டியில் கடையும் அதன் பின்னால் பட்டறையுமாக இருந்த ஒரு கம்பனியில் நான் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. இன்னும் நிரந்தரமாக்கவில்லை. புதிய பெட்டிகள் லொறி லொறியாக வந்து இறங்கிக்கொண்டிருந்தாலும், வீடுகளில் இருந்தவை பெரும்பாலும் பழைய இங்கிலாந்துப் பெட்டிகள். ஆள் உயரம், இரும்புக் கனம், பெட்டியின் இரட்டைச் சுவருக்குள் கண்ணாடிப் பஞ்சு. மூன்று பேர் இல்லாமல் தூக்க முடியாது.

அப்படி ஒன்று வெள்ளவத்தையில் ஒரு ரீச்சர் வீட்டில் இருந்தது. காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், மாடி வீடு. ரீச்சர் ஒரு பெண்கள் பாடசாலையில் கணிதம் படிப்பித்தவர், ஐம்பது வயதிருக்கும். கணவருக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் பத்து மாதம் வீட்டில் இருக்கமாட்டார். பிள்ளைகள் இல்லை. வீட்டில் ரீச்சரும், வீட்டு வேலை எல்லாம் பார்த்த லெட்சுமி என்பவரும்தான். லெட்சுமியக்கா ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர். நாற்பது வயது. அந்த வீட்டில் பதினொரு வருடமாக இருந்தார்.

நான் முதல் தடவை அங்கு போனது மணத்துக்காக அல்ல. ஐஸ் உருகும் தண்ணீர் வெளியே போகாமல் உள்ளேயே தேங்கி, மரக்கறித் தட்டு நனைகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். தண்ணீர் இறங்கும் துவாரம் அடைத்திருந்தது. சாதாரண வேலை. அன்று கொட்டாஞ்சேனையில் எங்கள் மாதா கோயில் கொடியேற்றம். மாலைப் பூசைக்கு முன் வீட்டுக்குப் போய்க் குளித்து நிற்க வேண்டும் என்ற அவசரம் எனக்கு. ஒரு கம்பியை எடுத்துத் துவாரத்துக்குள் பலமாகக் குத்தினேன். ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றினேன். இறங்கியது. வேலைச் சீட்டுத் துண்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அந்தத் தண்ணீர் பெட்டியின் பின்புறம் கீழே இருக்கும் தட்டில் வந்து விழுந்ததா என்று நான் பார்க்கவில்லை. குனிந்து பார்க்க ஒரு நிமிடம் போதும்.

மூன்று வாரம் கழித்து அந்த வீட்டிலிருந்து மறுபடி அழைப்பு. இந்த முறை, மணக்குது.

நான் போனபோது ரீச்சர் பாடசாலையால் வந்து சேலைகூட மாற்றாமல் சமையலறை வாசலில் நின்றார். லெட்சுமியக்கா அடுப்புக்கும் யன்னலுக்கும் இடையில், கையில் துணியோடு நின்றார். இருவரும் கதைத்துக்கொள்ளவில்லை. நான் வருவதற்கு முன் கதைத்து முடித்திருந்தார்கள் என்று பார்த்தவுடனேயே விளங்கியது.

"தம்பி, மூண்டு கிழமையா இந்த மணம்," என்றார் ரீச்சர். "ஒரு சாமான் வைக்கேலாமல் கிடக்கு. பாலைக் குடிச்சா மீன் குடிச்ச மாதிரி இருக்கு. மெஷின்ல பிழையோ, ஆக்களில பிழையோ எண்டு நீங்கதான் எனக்குச் சொல்லவேணும்."

"தெனமும் தொடச்சிட்டுத்தாங்க இருக்கேன்," என்றார் லெட்சுமியக்கா. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

நான் கதவைத் திறந்தேன். மணம் வந்தது. கெட்ட மீன் மணம், அதற்கு மேலே வேறு என்னென்னவோ. மேல் தட்டில் ஒரு சின்ன எனாமல் தட்டில் சிரட்டைக்கரி. நடுத்தட்டில் பாதியாக வெட்டிய தேசிக்காய் இரண்டு, வெட்டுமுகத்தில் கராம்பு குத்தி. முட்டை வைக்கும் குழிகளில் கறுவாப்பட்டைத் துண்டுகள். கதவுப் பக்கத்தில் ஒரு கிண்ணம் அப்பச்சோடா. இவ்வளவு ஒரே பெட்டிக்குள் இருந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மெஷினைப் பார்த்தேன். குளிர் சரி. கொம்பிரசர் சரி. ரப்பர் சரி. என்னுடைய துவாரத்தில் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், அழகாக இறங்கியது. எல்லாம் சரியென்றால் மிச்சம் இருப்பது என்ன?

"மெஷின்ல ஒரு பிழையும் இல்லை ரீச்சர்," என்றேன். "இது துப்புரவாக்கிறதில வாற பிழை. எங்கயோ மீன்தண்ணி வடிஞ்சு துடைபடாமல் கிடந்திருக்கு. மணத்தை மறைக்கத்தான் இவ்வளவு சாமானும் உள்ளுக்கு வச்சிருக்கு."

அந்தக் கடைசி வசனம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று பல தடவை யோசித்திருக்கிறேன். யாரும் அதை என்னிடம் கேட்கவில்லை. தேசிக்காயில் கராம்பு குத்தியிருந்த நேர்த்தியைப் பார்த்து, 'நான் எல்லாம் கண்டுபிடித்துவிட்டேன்' என்று எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷத்தில் சொன்னது. மறைப்பதற்கு வைத்தவர் கரியையும் சோடாவையும் வைத்திருக்கமாட்டார். அவை மணத்தை எடுக்க வைப்பவை. வாசம் பூசுகிறவருக்குத் தேசிக்காயும் கறுவாவும் போதும். கையில் இருந்த எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்த்த ஒரு மனிதரின் மூன்று கிழமைத் தவிப்பு அந்தத் தட்டுகளில் இருந்தது. நான் அதைச் சாட்சியாக எடுத்துக்கொண்டேன், அவருக்கே எதிராக.

ரீச்சர் லெட்சுமியக்காவைத் திரும்பிப் பார்த்தார். லெட்சுமியக்கா துணியை மடித்து அடுப்பு மேடையில் வைத்தார். நான் துண்டில் 'பழுது எதுவுமில்லை' என்று எழுதி, கையெழுத்து வாங்கி, படியிறங்கிவிட்டேன்.

பத்து நாள் கழித்து மூன்றாவது அழைப்பு வந்தது.

இந்த முறை கதவைத் திறந்தது ரீச்சரே. கைவிரல்கள் சிவந்து தோல் உரிந்திருந்தன. பெட்டியிலிருந்த சாமான் முழுவதும் வெளியே, மேசையில் இருந்தது.

"லெட்சுமியை அனுப்பிப்போட்டன்," என்றார். "அவ போய் ஒம்பது நாள். மீன் வாங்கிறதில்லை. ஒவ்வொரு நாளும் சோடாத்தண்ணியில நானே துடைக்கிறன். ஆனா தம்பி, மணம் கூடிப்போச்சு."

நான் கருவிப் பையைக் கீழே வைத்தேன்.

ரீச்சர் முன்னறைக்குப் போய் விடைத்தாள் திருத்த உட்கார்ந்தார். நான் பெட்டியை அங்குலம் அங்குலமாகச் சுவரிலிருந்து இழுத்தேன். பின்புறம் கடல் உப்பில் துருப்பிடித்திருந்தது. கீழே, தண்ணீர் வந்து சேர வேண்டிய தட்டைப் பார்த்தேன். அது காய்ந்து கிடந்தது. தூசி படிந்திருந்தது. ஒரு மாதத்துக்கு மேலாக அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. பிறகு முழங்காலில் நின்று, பின் தகட்டின் அடி விளிம்பில் மூக்கை வைத்தேன். அங்கேதான் இருந்தது மணம் முழுவதும்.

நான் குத்திய கம்பி, சுவருக்குள் ஓடும் ரப்பர்க் குழாயைத் துவாரத்திலிருந்து கழற்றிவிட்டிருந்தது. அன்றிலிருந்து ஐஸ் உருகிய தண்ணீர், மீன் இரத்தமும் பாலும் கலந்து, வெளியே வராமல் கண்ணாடிப் பஞ்சுக்குள் இறங்கி ஊறிக்கொண்டிருந்தது. உள்ளே எத்தனை கிண்ணம் அப்பச்சோடா வைத்தாலும் அது அங்கு எட்டாது.

முன்னறையில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். பதினைந்து அடி தூரம். நான் எழுந்து போய், "ரீச்சர், பட்டறைக்குக் கொண்டுபோய்த்தான் பார்க்கவேணும்" என்றேன். அவர் ஓம் என்று தலையாட்டினார். அன்று எனக்கு வந்த தைரியம் அவ்வளவுதான்.

பட்டறையில் பின் தகட்டைக் கழற்றியபோது பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். எங்கள் தலைமை மெக்கானிக் மட்டும் விலகவில்லை. பாஸ் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். சிங்களவர், நல்ல மனிதர். தொங்கிக்கொண்டிருந்த குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மல்லி, இது உன் கைவேலையா?" என்று சிங்களத்தில் கேட்டார். மல்லி என்றால் தம்பி.

"ஓம் பாஸ்."

நடந்ததைச் சொன்னேன். லெட்சுமியக்கா போனதையும் சொன்னேன். பாஸ் கையைத் துடைத்தார். பிறகு என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய் நிதானமாகச் சொன்னார்: "பஞ்சை மாற்றி, குழாயைப் பூட்டி, இலவசமாகச் செய்து கொடுப்போம். பழைய பெட்டி, பஞ்சு நனைந்துவிட்டது என்று சொல். அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. உன்னை நிரந்தரமாக்கும் கடிதம் மேலே மேசையில் கிடக்கிறது. அந்த வீட்டு நோனா ஒரு முறைப்பாடு எழுதினால் அந்தக் கடிதம் மேசை லாச்சிக்குள் போய்விடும். வேலைக்கு இருந்த பெண் இந்நேரம் வேறு வீடு பார்த்திருப்பாள்."

அவர் என்மேல் உள்ள அக்கறையில் சொன்னார். இன்றைக்கும் அவரைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் 'அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை' என்றது என்னை விடவில்லை. 'பழுது எதுவுமில்லை' என்று நான் எழுதிய துண்டிலும் நான் அறிந்து எழுதிய பொய் இல்லை. நான் அறிந்து பொய் சொல்லாமலே ஓர் ஆளை வீட்டைவிட்டு வெளியேற்றியிருந்தேன். அந்த ஞாயிறு பூசையில் இருந்தபோது, சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிடலாமா என்று யோசித்தேன். அது சுலபம். அவர் யன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பார், என் முகம் தெரியாது, அந்த வீட்டையும் தெரியாது. சுலபமாக இருந்ததால்தான் அது போதாது என்று பட்டது.

செவ்வாய்க்கிழமை பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோனோம். மூன்று பேர் மாடிக்கு ஏற்றி, இடத்தில் வைத்தோம். மற்ற இருவரையும் லொறிக்கு அனுப்பிவிட்டு நான் நின்றேன். ரீச்சர் குழாயடியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்.

"ரீச்சர், பிழை என்னில," என்றேன். "முதல் முறை வந்தப்ப நான்தான் உள்குழாயைக் கழட்டிவிட்டிருக்கிறன். பின்தட்டைப் பார்க்கேல்லை. தண்ணி பெட்டிச் சுவருக்குள்ள போய் ஊறியிருக்கு. லெட்சுமியக்கா எவ்வளவு துடைச்சிருந்தாலும் போயிருக்காது."

அவர் தண்ணீர்க் குழாயை மூடினார். திரும்பவில்லை.

"அண்டைக்கு நீங்க பொய் சொன்னீங்களா தம்பி? இல்லாட்டி தெரியாமச் சொன்னீங்களா?"

"தெரியாமச் சொன்னனான் ரீச்சர். ஆனா தெரிஞ்ச மாதிரிச் சொன்னனான்."

அப்போது திரும்பினார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். கோபம் இருந்தது. ஆனால் என்மேல் மட்டும் அல்ல.

"அவ பதினொரு வருஷம் என்னோட இருந்தவ. நீங்க அரை மணித்தியாலம் இருந்தனீங்கள். நான் உங்கட சொல்லை எடுத்தனான்," என்றார். கழுவிய கோப்பையைக் கவிழ்த்துவைத்தார். "எங்க இருக்கிறா எண்டுகூடத் தெரியாது. கொட்டாஞ்சேனையில நாத்தனார் ஒருத்தி இருக்கிறா எண்டு சொல்லுவா. அவ்வளவுதான் தெரியும். பதினொரு வருஷத்தில நான் ஒழுங்கையின்ட பேரைக் கேட்டதில்லை."

"நான் அங்கத்த ஆள்தான் ரீச்சர். தேடிப் பார்க்கிறன்," என்றேன்.

இரண்டு மாலை தேடினேன். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் வீடொன்றில் ஹட்டன்காரப் பெண்ணொருவர் புதிதாக வந்திருக்கிறார் என்று ஒரு தேத்தண்ணிக் கடையில் சொன்னார்கள். சனிக்கிழமை காலை ரீச்சரும் நானும் பஸ் மாறி மாறிப் போனோம். வழி முழுக்க ரீச்சர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஒற்றை அறை வீடு. ஆவியில் ஒன்றும் தெரியவில்லை. இடியப்பத் தட்டுகளுக்கு நடுவில் லெட்சுமியக்கா குந்தியிருந்தார். ரீச்சரைக் கண்டதும் எழுந்து, மாக்கையைச் சேலையில் துடைத்து, அங்கிருந்த ஒரே முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். அவருக்கு அது பழக்கம். ரீச்சர் உட்காரவில்லை. முக்காலி நடுவில் கிடந்தது, நாங்கள் மூன்று பேரும் நின்றோம்.

ரீச்சரிடம் சொன்ன அதே வார்த்தைகளை நான் மறுபடி சொன்னேன். இரண்டாம் தடவை இன்னும் கஷ்டமாக இருந்தது. லெட்சுமியக்கா கேட்டு முடியும் வரை என்னைப் பார்க்கவில்லை. முடிந்ததும் பார்த்தார்.

"அன்னைக்கு நான் அங்கனதான நின்னேன் தம்பி," என்றார். "என்னைய ஒரு வார்த்த கேக்கலியே நீங்க. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். பொட்டியத் தொடச்சு முடிச்சா உள்ள வாடை கொறஞ்சிரும். பின்னால சுவத்துப் பக்கம் போனாத்தான் வாடை. நான் தெனம் மோந்து மோந்து பாத்தவ. டீச்சரம்மாகிட்டயும் சொன்னேன்."

"சொன்னவ," என்றார் ரீச்சர் மெல்ல. "சாட்டுச் சொல்லித் தப்பப் பார்க்கிறா எண்டு நினைச்சனான்."

லெட்சுமியக்கா குனிந்து அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினார்.

"லெட்சுமி, வீட்ட வா," என்றார் ரீச்சர்.

லெட்சுமியக்கா ஒரு தட்டை எடுத்து அடுப்பில் ஏற்றி, மூடியை வைத்துவிட்டுச் சொன்னார்: "வேலைக்கு வரலீங்க. ஆனா அந்தச் சந்துக்கு ஒருக்கா வர்றேன். ஒங்க வீட்ட விட்டுட்டு நான் அங்க மூணு வீட்டுல வேலை கேட்டேன். மூணு பேரும் ஒரே கதைதான் சொன்னாங்க. மீன அழுகவிட்டுட்டு எலுமிச்சங்காய வச்சு மறைச்சவளாம் நான். அந்த மூணு வீட்டுக்கும் நீங்க போகணும். நான் பக்கத்துல நிக்கிறப்ப சொல்லணும்."

ரீச்சர் அந்த ஒழுங்கையில் எல்லாரும் மதித்த ஆள். பாதி வீட்டுப் பிள்ளைகள் அவரிடம் கணக்குப் படித்தவர்கள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "வெளிக்கிடு," என்றார், "இப்பவே போவம்."

முதல் வீட்டில் நான் பேச வாயெடுத்தேன். ரீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார். "லெட்சுமியில ஒரு பிழையும் இல்லை. பிழையான கதை என்ட வீட்டிலயிருந்துதான் வந்தது. அதைச் சொல்லத்தான் வந்தனான்," என்றார். அந்த வீட்டுப் பெண் கதவைப் பிடித்தபடி தலையாட்டினார். இரண்டாவது வீட்டில் என்னை முன்னால் தள்ளினார். "நீங்க சொல்லுங்கோ. மெக்கானிக் சொன்னாத்தான் நம்புவினம், எனக்குத் தெரியும்தானே." நான் சொன்னேன்.

மூன்றாவது வீட்டில் ஒரு வக்கீலின் மனைவி. சிரித்துக்கொண்டே, "அதுக்கென்ன ரீச்சர், இதுக்கா இவ்வளவு தூரம்? வேலைக்கு வாறதுகள் எண்டா இது இல்லாட்டி இன்னொண்டு இருக்கும்தானே," என்றார்.

"இல்லை," என்றார் ரீச்சர். பிறகு வகுப்பில் பின் வரிசை வாங்கில் இருக்கும் பிள்ளைக்குச் சொல்வதுபோல முதலிலிருந்து தொடங்கினார். துவாரம், குழாய், பஞ்சு, தண்ணீர் எந்த வழியால் போனது, ஏன் துடைத்தும் போகவில்லை. ஒன்றையும் விடவில்லை. நடுவில் அந்தப் பெண் உள்ளே போகப் பார்த்தார். "கொஞ்சம் நில்லுங்கோ, இன்னும் முடியேல்லை," என்று நிறுத்தி, முடித்தார். லெட்சுமியக்கா பக்கத்தில் நிமிர்ந்து நின்றார். அவர் முகத்தில் சந்தோஷம் என்று எதுவும் இருக்கவில்லை. கணக்குச் சரியா என்று பார்க்கிறவரின் கவனம்தான் இருந்தது.

பிறகு நடந்தவற்றையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். ரீச்சர் கம்பனிக்கு ஒரு கடிதம் எழுதினார். நான் செய்த பிழையையும், நானே வந்து சொன்னதையும் அதில் எழுதியிருந்தார். பாஸ் சொன்னதுபோல என்னை நிரந்தரமாக்கும் கடிதம் லாச்சிக்குள் போய், ஏழு மாதம் கழித்து வெளியே வந்தது. பாஸ் சில நாள் என்னோடு கதைக்கவில்லை. அதற்குப் பிறகு மண அழைப்பு எது வந்தாலும் என்னையே அனுப்பினார். அது தண்டனையா பாராட்டா என்று நான் கேட்கவில்லை. லெட்சுமியக்கா ஒரு கன்னியாஸ்திரி மடத்துச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தார். ரீச்சரின் கையெழுத்தில் ஒரு நற்சான்றுக் கடிதம் கொண்டுபோனார். கொட்டாஞ்சேனைச் சந்தையில் சில தடவை அவரைக் கண்டிருக்கிறேன். நின்று நாலு வார்த்தை கதைப்பார். என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்டு அவருக்கு இன்னொரு வேலை கொடுக்கக்கூடாது என்று விட்டுவிட்டேன்.

நீங்கள் இனிச் சமையலறைகளுக்குப் போவீர்கள். வீட்டுக்காரர் உங்களுக்கு உட்காரக் கதிரை போடுவார், தேத்தண்ணி தருவார், "நீங்கதான் சொல்லவேணும்" என்பார். உங்கள் சட்டையில் கம்பனிப் பெயர் இருக்கும். அந்த நேரத்தில் உங்கள் வாயிலிருந்து வருவது அங்கே தீர்ப்பாகிவிடும். பெட்டியைத் தினமும் திறந்து மூடுகிறவர் அநேகமாகப் பேசாமல் ஒரு மூலையில் நிற்பார். முதலில் அவரிடம் கேளுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். அதைச் சொல்லி யாரும் சாகவில்லை.

அன்று மூன்றாவது வீட்டிலிருந்து இறங்கி, மூன்று பேரும் காலி வீதி பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தோம். வெயில் ஏறியிருந்தது. ரீச்சர் ஒரு கடையில் நின்று மூன்று சோடா வாங்கினார். லெட்சுமியக்கா பாதி குடித்துவிட்டுப் போத்தலைத் திருப்பிக் கொடுத்தார். கொட்டாஞ்சேனைப் பக்கம் போகும் பஸ் வந்தது. அவர் ஏறி, படியில் நின்றபடி திரும்பினார்.

"போறேன் டீச்சரம்மா," என்றார்.

பஸ் போய்விட்டது. ரீச்சர் தான் குடித்து முடித்த போத்தலோடு அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கடைக்குப் போறதெண்டாலும் 'போயிட்டு வர்றேன்' எண்டுதான் சொல்லுவா, தம்பி," என்றார்.